ரீச்சரைக் கேளுங்கோ: தை மாதக் குளிரில் செம்பாறை நாடு

இரண்டு இதழ்களுக்கு முன்னர் யாருக்கோ பதில் எழுதும்போது, "மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது தை மாதக் குளிருக்குள் யூட்டா மாநிலத்து மோவாப் என்ற ஊரின் சிவப்புப் பாறைகளைப் பார்த்தேன், அது பெரிய கதை" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அந்தப் பெரிய கதையைக் கேட்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. பிள்ளையோ சகோதரமோ வெளிநாட்டில் இல்லாத வீடு வன்னியில் குறைவு. கேள்விகளும் அப்படித்தான்: பாதி பூமிசாத்திரம், பாதி பயணப்பெட்டி. இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. காணி உறுதி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், மகன் சோல்ட் லேக் சிற்றியில் இருக்கிறான். வருகிற தை மாதம் எங்களைக் கூப்பிட்டு மோவாப் காட்டப் போகிறானாம். அப்போதுதான் அறை வாடகை மலிவாம். மலிவு என்பதற்காகக் குளிருக்குள் போய் நிற்க வேண்டுமா? நல்ல வெயில் காலத்தில் போனால் என்ன?
— வாசகி, கிளிநொச்சி

தங்கச்சி, வெயில் காலத்தில் மட்டும் போகாதீர்கள். ஆடி மாதம் அங்கே பகலில் 37, 38 பாகை. இங்கேயும் சித்திரையில் வெயில் எரிக்கிறதுதான், ஆனால் ஒதுங்கி நிற்க ஒரு பாலையோ புளியோ இருக்கும். அங்கே ஆளுயர மரத்தைக் கண்டாலே பெரிய காரியம்.

சனமும் அப்போதுதான் குவியும். மோவாப்புக்குப் பக்கத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. நடுவில் ஓட்டை விழுந்து வளைவாக நிற்கிற பாறைகள், அதாவது கல்வளைவுகள், அதற்குள்தான் அதிகம். 2021ஆம் ஆண்டில் அங்கே 18 இலட்சம் பேர் போனார்கள். காலையிலேயே தரிப்பிடம் நிரம்பி, வாசலை மூடி, வந்த வாகனங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அடுத்த ஆண்டிலிருந்து ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை முன்கூட்டியே நேரம் பதிந்தவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். தை மாதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை. நாங்கள் போன அன்று வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரேயொரு வாகனம். சீட்டுக் கொடுக்கிற பெண் எங்களோடு கதைத்துக்கொண்டிருக்கப் பின்னால் யாரும் ஹோன் அடிக்கவில்லை.

நான் போனது 2024 தையில். மகள், மருமகன், பேத்தி, நான். சோல்ட் லேக் சிற்றியிலிருந்து ஏறக்குறைய 375 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் நாலு மணித்தியாலத்தில் போய்விட்டோம். இடையில் சோல்ஜர் சமிற் என்று ஒரு கணவாய், உயரம் 2,279 மீற்றர். நுவரெலியா நகரமே அதற்குக் கீழேதான். அந்த இடத்தில்தான் பனி கொட்டும். மகனிடம் பனிக்கு ஏற்ற டயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கணவாயைப் பகலிலேயே கடக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லலாம்.

மலிவு உண்மைதான். எங்கள் அறைக்கு வைகாசியில் கேட்கிற காசில் பாதியும் ஆகவில்லை. ஆனால் முதல் இரவு அறையின் ஹீற்றர் பேய் போலக் கத்தியதே தவிர, சூடு வரவில்லை. பேத்தி சுவெற்றருக்கு மேல் சுவெற்றர் போட்டு உருண்டையாகிவிட்டாள். மருமகன் இறங்கிப் போய்ச் சொன்னார். அங்கே இருந்த பையன் மறுபேச்சில்லாமல் இன்னொரு அறையின் திறப்பை எடுத்துத் தந்தான், அதுவும் பெரிய அறை. கட்டடத்தில் முக்கால்வாசி வெறுமை. சனம் நிறைந்த மாதத்தில் இது நடந்திருந்தால் விடியவிடிய அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்போம்.

குளிர் எப்படி என்று கேட்பீர்கள். மார்கழியில் திருவெம்பாவைக்கு எழும்பி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடுகிறோமே, அந்தக் குளிர் 21, 22 பாகை. மோவாப்பில் தை மாதப் பகல் 6 பாகை அளவு. இரவில் பூச்சியத்துக்குக் கீழே 7. ஆனால் காய்ந்த குளிர். காற்றில்லாமல் வெயிலில் நின்றால் முகத்துக்கு இதமாக இருக்கும், நிழலுக்குள் காலை வைத்தவுடன் பல்லுக் கிட்டும். வானம் கடும் நீலம், பாறை சிவப்பு, பாறையின் தோளில் வெள்ளைப் பனி, பின்னால் லா சால் மலைகள் முழு வெள்ளை. கோடைப் படங்களில் இந்த மூன்று நிறமும் ஒன்றாக வராது.

போங்கள். ஆனால் மலிவை மட்டும் நினைத்துப் போக வேண்டாம். அந்தப் பாறைகளில் வேலை நடக்கிறது குளிர்காலத்தில்தான். அது என்ன வேலை என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

ரீச்சர், நான் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். அந்தக் கல் ஏன் சிவப்பு? நடுவில் எப்படி ஓட்டை விழுந்தது? நம் ஊர்ச் செம்மண்ணும் அதுவும் ஒன்றா?
— மாணவர், விசுவமடு

தம்பி, இப்படி ஒரு கேள்வி வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

ஆனையிறவு உப்பளத்திலிருந்து தொடங்குவோம். பாத்தி கட்டிக் கடல்நீரை விட்டு, வெயிலில் வற்றவிட்டு உப்பு எடுக்கிறோம். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் யூட்டாவின் அந்தப் பகுதியில் கடல் உள்ளே வந்து வற்றியது, திரும்ப வந்து திரும்ப வற்றியது. உப்பு படிந்துகொண்டே போனது, அள்ளத்தான் ஆளில்லை. சில இடங்களில் அந்த உப்புப் படை ஆயிரக்கணக்கான அடி தடிப்பு. அதன்மேல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மணலும் சேறும் வந்து படிந்து கல்லாயின.

உப்பு பார்க்கக் கல் மாதிரி, ஆனால் மேலே பாரம் ஏறினால் மெல்ல மெல்ல நகரும். சேற்று வயலில் காலை வைத்து அழுத்தினால் விரல் இடுக்கால் சேறு பிதுங்குமே, அப்படி. பாரம் குறைந்த பக்கத்துக்கு உப்புப் பிதுங்க, மேலே கிடந்த மணற்கல் வீங்கி எழும்பி, வரிசை வரிசையாக வெடித்தது. வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கி அவற்றை அகட்டிக்கொண்டே போக, இடையில் மதில்கள் போல ஒடுங்கிய பாறைகள் எஞ்சி நின்றன. அந்த மதிலின் மெலிந்த இடம் முதலில் உதிரும். இரண்டு பக்கமும் உதிர்ந்து வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. ஓட்டை பெருத்தால் வளைவு. ஏதாவது ஒரு திசையில் 3 அடி அகலமாவது இருந்தால்தான் அதை வளைவு என்று கணக்கெடுப்பார்கள். அப்படிப் பார்த்தும் அந்தப் பூங்காவில் 2,000க்கு மேல் உண்டு.

இனித்தான் குளிர்காலம். இரண்டாம் நாள் இரவு காருக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டோம். காலையில் பார்த்தால் வயிறு ஊதி, அடிப்பக்கம் வெளியே தள்ளி, நிற்க மாட்டாமல் இருக்கையில் உருண்டு கிடந்தது. தண்ணீர் உறையும்போது கனவளவு 9 சதவீதம் கூடும் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன்! எழுதியதைக் கையில் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். பிளாஸ்ரிக் இளகிக் கொடுத்தது, கல் இளகாது. பகலில் பனி உருகி வெடிப்புக்குள் இறங்கும், இரவில் உறைந்து வெடிப்பை நெம்பும். அடுத்த பகலில் திரும்ப உருகும். பகல் 6, இரவு பூச்சியத்துக்குக் கீழே 7 என்று சொன்னேனே, அதுதான் விசயம். குளிர்காலம் முழுக்க நாளுக்கு ஒரு தடவை அந்த நெம்புகோல் போட்டு எடுக்கப்படுகிறது. வவுனியாப் பக்கத்துக் கருங்கல்லில் இதை நீ பார்க்க முடியாது. இங்கே தண்ணீர் உறைவதில்லை.

கிட்டப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வளைவைப் பார்க்க மேலே ஏறுகிற வழியில் நிழல் பக்கத்துப் பாறையில் ஒரு வெடிப்பு. ஒரு விரல் நுழைகிற அகலம். உள்ளே கண்ணாடித் தகடு போல ஐஸ். அந்தத் தகட்டின் விளிம்பில் ஏழெட்டுச் சிவப்பு மணல், ஒட்டியும் ஒட்டாமலும். கையுறையைக் கழற்றி விரலால் தொட்டேன். இரண்டு மணல் உருண்டு உள்ளங்கைக்கு வந்தன. முதல் நாள்வரை அவை பாறையாக இருந்திருக்கும். பேத்தி, "அம்மம்மா, என்ன பார்க்கிறீங்கள்?" என்று கேட்டாள். "ரோட்டு வேலை நடக்கிறது, பிள்ளை" என்றேன்.

நிறம் துருவின் நிறம். மணலின் ஒவ்வொரு துணிக்கைக்கும் மேல் இரும்பு ஒட்சைட்டின் மெல்லிய பூச்சு. மாட்டுக்கொட்டிலில் கிடக்கிற பழைய மண்வெட்டியில் இருப்பது எதுவோ, அதன் சொந்தக்காரன்தான். நம் செம்மண்ணின் சிவப்புக்கும் இரும்புதான் காரணம். அந்த அளவில் இரண்டும் உறவு, மற்றப்படி தாய் வேறு. நம் செம்மண்ணில் மரவள்ளி வரும். அங்கே நட்டுவிட்டுத் தண்ணீருக்கு அழ வேண்டியதுதான். மோவாப்பின் ஆண்டு மழை 230 மில்லிமீற்றர் அளவு. கிளிநொச்சியில் ஆயிரத்துக்கு மேல்.

இன்னொன்று. இந்த வளைவுகள் நிரந்தரமில்லை. லான்ட்ஸ்கேப் ஆர்ச் என்பது 93 மீற்றர் நீளம், நடுவில் நோஞ்சான் கை மாதிரி மெலிந்து கிடக்கும். 1991இல் அதிலிருந்து 18 மீற்றர் நீளத் துண்டு ஒன்று ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. 2008 ஓகஸ்ற்றில் வோல் ஆர்ச் என்ற வளைவு ஓர் இரவில் முழுதாக இடிந்தது. சோதனையில் உறைதலால் ஏற்படும் அழிவைப் பற்றிக் கேட்டால் இவற்றை உதாரணமாக எழுதாதே தம்பி. எந்த விழுகைக்கு எது கடைசிக் காரணம் என்று சொல்வது கடினம். வெடிப்பு அகல்வதை மட்டும் எழுது.

வெறும் கல்லைப் பார்க்க இவ்வளவு காசா, ரீச்சர்?
— வாசகர், மல்லாவி

பூங்காவுக்குள் போக நாங்கள் கொடுத்தது ஒரு வாகனத்துக்கு 30 டொலர், ஏழு நாளைக்குச் செல்லும். என் மருமகனும் உங்கள் கட்சிதான் ஐயா. "மாமி, கல்லுத்தானே" என்றபடிதான் கார் ஓடினார். பின்னேரம் அவருடைய போனில் படம் எடுக்க இடமில்லை. என்னுடையதை வாங்கி எடுத்தார்.

அங்கே நடக்க என்ன சப்பாத்துப் போட வேண்டும்? வழுக்குமா? எனக்கு விழுந்துவிடுவேனோ என்ற பயம்தான் பெரிது.
— வாசகி, மாங்குளம்

வழுக்கும். என் கதையைக் கேளுங்கள்.

யூட்டா மாநில வாகன இலக்கத் தகட்டில் ஒரு கல்வளைவுப் படம் இருக்கும். அதுதான் டெலிகேட் ஆர்ச். 16 மீற்றர் உயரம், மலை உச்சியில் தனியே நிற்கிறது. போய்வர 4.8 கிலோமீற்றர் நடை. முதல் நாள் மகள் வாங்கித் தந்த தடித்த சப்பாத்தோடு வீறாப்பாக இறங்கினேன். தொடக்கத்தில் சும்மா மண்பாதை. 1906இல் ஒரு பழைய போர்வீரர் கட்டிய மரக்குடில் ஒன்று நிற்கிறது. நம் ஊர்க் கொட்டிலைவிடச் சின்னது, அதற்குள் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. பக்கத்துப் பாறையில் யூட் பழங்குடி மக்கள் கீறிய ஆடுகளும் குதிரைகளும். அதுவரை சுகம். பிறகு வருவது ஒரே வழவழப்பான பாறைச் சரிவு. அதில் முதல் நாள் உருகி ஓடிய தண்ணீர் இரவில் உறைந்து, பாறையின் நிறத்திலேயே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. பத்து அடி போயிருப்பேன், இரண்டு காலும் ஒன்றாகப் போய்விட்டன. இருந்தபடியே நாலடி சறுக்கி வந்தேன். காயம் ஒன்றுமில்லை, இந்த வயதில் மானம்தான் போனது. எனக்குக் கீழே நின்ற வெள்ளைக்காரக் கிழவர் கையைத் தந்து தூக்கிவிட்டு, தன் சப்பாத்தின் அடியைக் காட்டினார்.

சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டுகிற ரப்பர் பட்டி. அடியில் சங்கிலியும் அரை விரல் நீளக் கூர்களும். திரும்பிப் போய் மோவாப் கடையில் அதையே வாங்கினோம். அடுத்த நாள் அதை மாட்டிக்கொண்டு ஏறினேன். "சரக், சரக்" என்று பாறையில் கடிக்கும். உழவு இயந்திரத்துக்கு இரும்புச் சில்லுப் பூட்டியது மாதிரி. ஐஸ் இல்லாத வெறும் பாறையில் கழற்றிவிடுங்கள், கூரும் போய்விடும், கல்லும் கீறும்.

கடைசி 200 யார் தூரம் பாறை விளிம்பில் வெட்டிய பாதை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம், முழுக்க நிழல், ஆனபடியால் முழுக்க ஐஸ். சுவரில் கையை வைத்தபடி, பேத்தியை உள்பக்கம் விட்டு, அடி அடியாகப் போனோம். அந்த விளிம்பு முடிகிற இடத்தில்தான் வளைவு தெரியும், அதுவரை மறைப்பு. மாலை நாலரை இருக்கும். சூரியன் 5.15 அளவில் இறங்கிவிடும் நாட்கள். வளைவு உள்ளிருந்து தணல் எரிகிறது போல நின்றது. எங்களோடு சேர்த்து அந்தப் பெரிய பாறைக் கிண்ணத்தைச் சுற்றி ஒன்பது பேர். ஒருவரும் வளைவுக்குக் கீழே போய் நிற்கவில்லை, எல்லோருக்கும் படம் மறையக்கூடாது என்ற மரியாதை. சனம் கூடிய நாட்களில் அந்த இடத்தில் படம் எடுக்கக் கியூவில் நிற்பார்களாம்.

இருட்டுக்கு முன்னர் இறங்க வேண்டும். நாங்கள் கொஞ்சம் பிந்திவிட்டோம், நெற்றியில் கட்டுகிற டோர்ச் இருந்ததால் தப்பினோம். பகல் குறுகியது என்பதுதான் அந்தக் காலத்தின் உண்மையான குறை. காலை ஏழரைக்கு முன் சூரியனைக் காண முடியாது, ஐந்தேகாலுக்கு முடிந்துவிடும். ஒரு நாளில் மூன்று இடம் என்று பட்டியல் போடாதீர்கள்.

உடுப்பைப் பற்றி: ஒரு தடித்த ஜக்கெற் போதும் என்று நினைக்க வேண்டாம். உடம்போடு ஒட்டியது ஒன்று, கம்பளி ஒன்று, காற்றுப் புகாதது ஒன்று. ஏறும்போது வியர்க்கும், ஒன்றைக் கழற்றுங்கள். நின்றவுடன் திரும்பப் போடுங்கள். பருத்திச் சொக்ஸ் வேண்டாம். சேலை கட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

எனக்கு 68 வயது, முழங்கால் வருத்தம். மகள் வரச் சொல்கிறாள். போய்க் காரில் குந்திக்கொண்டிருப்பதற்கா?
— வாசகி, முல்லைத்தீவு

அக்கா, குந்திக்கொண்டே பாதியைப் பார்க்கலாம். வாசலிலிருந்து பூங்காவின் கடைசிவரை 29 கிலோமீற்றர் தார் வீதி. பலன்ஸ்ட் றொக் என்று, தலையிலுள்ள கல்லோடு சேர்த்து 39 மீற்றர் உயரத்தில் ஒரு தூண், அதன் தலையில் பஸ்கள் பலதின் அளவில் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். டபிள் ஆர்ச் என்று இரண்டு வளைவுகள் ஒரே அடியிலிருந்து எழும்பி நிற்கின்றன. தரிப்பிடத்திலிருந்து போய்வர ஒரு கிலோமீற்றர் அளவுதான், மட்டமான பாதை. டெலிகேட் ஆர்ச்சையும் ஏறாமல் தூரத்திலிருந்து பார்க்க ஓரிடம் உண்டு, காரிலிருந்து நூறு யார் நடை. சின்னதாகத் தெரியும். பைனாகுலர் கொண்டுபோங்கள்.

முழங்காலுக்கு ஒரு யோசனை: பனி கொட்டி அடுத்த நாள் காலை இறங்க வேண்டாம். பதினொரு மணிக்குப் பிறகு வெயில் படுகிற பாதைகள் காய்ந்துவிடும்.

மீசா ஆர்ச்சை விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும் என்கிறார்களே, குளிரில் அது முடிகிற காரியமா?
— வாசகர், வவுனியா

குளிர்காலத்தில்தான் அது சுலபம். சூரியன் பிந்தி வருவதால், கோடையில் போல நாலு மணிக்கு எழும்பத் தேவையில்லை. மீசா ஆர்ச் இருப்பது கன்யன்லான்ட்ஸ் என்ற அடுத்த பூங்காவில், மோவாப்பிலிருந்து முக்கால் மணித்தியாலத்துக்கு மேல். உயரம் கூடிய இடம், குளிரும் கூட. பாறை விளிம்பில் அகன்று தாழ்ந்த வளைவு, அதற்கு அங்கால் பள்ளத்தாக்கு. சூரியன் எழும்பும்போது கீழேயுள்ள செங்குத்துப் பாறையில் வெளிச்சம் பட்டுத் தெறித்து, வளைவின் அடிப்பக்கம் செம்மஞ்சளாகும். பத்து, பதினைந்து நிமிடம்தான். நாங்கள் போனபோது கமெராக்காரர் நாலு பேர் முக்காலி நாட்டி நின்றார்கள். ஒருவர் பிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார், சீனி இல்லை. அதுவும் ஒரு குளிர்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

மற்ற மாதங்களில் கிடைக்கும். தை மாதத்தில் மோவாப்பின் சாப்பாட்டுக் கடைகளில் கன கதவில் "மாசியில் சந்திப்போம்" என்கிற மாதிரி ஒரு மட்டை தொங்கும். கூகுள் திறந்திருக்கிறது என்று சொன்ன இரண்டு கடை பூட்டியிருந்தன. ஆகவே போனில் அடித்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடையே கிடையாது. நான் மகள் வீட்டில் குரக்கன் ரொட்டி சுட்டு, கட்டிச்சம்பலோடு கொண்டுபோனேன். காரில் வைத்ததில் ரொட்டி அங்கத்தைய கல்லோடு போட்டி போட்டது. ஹீற்றருக்கு மேல் வைத்து இளக்கிச் சாப்பிட்டோம். ரைஸ் குக்கர் ஒன்று பெட்டிக்குள் இருந்தால் பயமில்லை.

மகள் அனுப்பிய படத்தில், பாதையை விட்டு இறங்காதே, மண்ணை மிதிக்காதே என்று பலகை போட்டிருக்கிறது. பாலைவன மண்ணை மிதித்தால் என்ன ஆகும்?
— வாசகர், ஒட்டுசுட்டான்

அந்த மண் உயிருள்ளது. கிட்டப் பார்த்தால் கறுப்பாக, கட்டி கட்டியாக, அடுப்புக்கரி தூவினது போல இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை பற்றீரியா நூல் நூலாக மணலைப் பின்னி வைத்திருக்கிறது. கூடவே பாசியும் கற்பாசியும். அந்தப் பின்னல்தான் காற்றில் மணல் பறக்காமல் பிடிக்கிறது, பெய்கிற கொஞ்ச மழையை வைத்திருக்கிறது, செடிகளுக்கு நைதரசன் சேர்க்கிறது. ஒரு மிதி போதும், நொருங்கிவிடும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் எடுக்கும். குளிர்காலத்தில் ஒரு சிக்கல் உண்டு: மேலே பனி மூடியிருந்தால் எது பாதை, எது அந்த மண் என்று தெரியாது. முன்னர் போனவரின் காலடியும் நம்பக் கூடாது, அவர் தவறியிருக்கலாம். கல் அடுக்கிக் குறி வைத்திருப்பார்கள், அதைத் தேடிப் போக வேண்டும்.

மருமகன் ஒரு படத்துக்காகப் பாதையை விட்டு ஒரு கால் எடுத்து வைக்கப்போனார். நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கொழும்பில் வளர்ந்தவர். மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் வளவுக்குப் போகிற ஒழுங்கையின் இரு பக்கமும் கண்ணிவெடிக்கான சிவப்புத் தடியும் மண்டையோட்டுப் பலகையும் நின்றன. மாடு போன தடத்தில்கூடக் கால் வைக்கமாட்டோம். பலகையைக் கண்டால் இப்போதும் கால் தானாக நிற்கும். அவருக்கு இதையெல்லாம் அந்த இடத்தில் நின்று விளக்கவில்லை. மகள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மோவாப் என்பது வேதாகமத்தில் ரூத்தின் ஊர் அல்லவா?
— வாசகி, முழங்காவில்

பெயர் அதுதான், ஊர் வேறு. வேதாகமத்து மோவாப் சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய யோர்தானில். யூட்டாவில் குடியேறியவர்கள் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டே ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள்.

அங்கேயிருந்து என்ன கொண்டுவந்தீர்கள், ரீச்சர்? ஒரு சிவப்புக் கல்லாவது?
— வாசகர், பரந்தன்

கல் எடுக்கக் கூடாது, தேசியப் பூங்காவில் அது குற்றம். பேத்தி பொக்கற்றில் போட்ட ஒன்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன், அழுதுகொண்டு வைத்தாள்.

கொண்டுவந்தது அந்தக் கூர்ப்பட்டி மட்டும்தான். "கிளிநொச்சியில் எந்த ஐஸில் நடக்கப் போகிறீங்கள்?" என்று மகள் சிரித்தாள். இப்போது குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. சப்பாத்து அளவு 38, இழுத்தால் 40 வரை போகும். தை மாதம் போகிறவர்கள் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். முதல் கேள்வி கேட்ட தங்கச்சி, உங்களுக்குத்தான் முன்னுரிமை. ஆனால் திரும்பி வந்ததும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தர வேண்டும். இப்படிக் கொடுத்த பிளாஸ்க் ஒன்று இன்னும் வரவில்லை.